காலியாகத் தோன்றும் அலைவரிசை: கொச்சிக் கடலில் யாருக்கு முதல் உரிமை?

கொச்சி: அரபிக் கடலில் இருந்து கொச்சித் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் நீர்வழி வில்லிங்டன் தீவின் இருபுறமும் இரண்டாகப் பிரிகிறது. மேற்கே செல்வது மட்டாஞ்சேரி வழித்தடம். கிழக்கே செல்வது எர்ணாகுளம் வழித்தடம். சரக்குக் கப்பல்கள், கடற்படைக் கலங்கள், பயணிகள் படகுகள், மீன்பிடி விசைப்படகுகள் ஆகியவை இந்த நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. குறுகிய வழித்தடத்தில் செல்லும் கப்பலின் பாதையை மீன்பிடிப் படகு மறிக்கக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின் 9ஆவது விதி. கப்பல் இல்லாத நேரத்தில் படகு அங்கே செல்லலாம். கப்பல் வரும்போது ஒதுங்க வேண்டும்.

இதே ஏற்பாட்டை வானலைகளிலும் கொண்டுவருவதற்கான சட்டப்பூர்வமான வாசலை இந்தியா திறந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஒருவருக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட அலைக்கற்றையின் ஒரு பகுதியை, அவருடைய பயன்பாட்டுக்குத் தீங்கு நேராத வகையில், இன்னொருவருக்கும் ஒதுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. முன்னவர் முதன்மை ஒதுக்கீடு பெற்றவர். பின்னவர் இரண்டாம் நிலை ஒதுக்கீடு பெற்றவர். இந்தப் பிரிவு 2024 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

சட்டத்தில் ஒரு வாக்கியமாக உள்ள இந்தப் பகிர்வு, பொறியியலில் கால் நூற்றாண்டாக ஆராயப்பட்டுவரும் சிக்கல். 'காக்னிட்டிவ் ரேடியோ' எனப்படும் சூழலறியும் வானொலியின் மையக் கேள்வியும் இதுதான்: ஓர் அலைவரிசை காலியாக உள்ளதா என்பதை ஒரு கருவி எப்படி அறியும், அறிந்தபின் பலர் அதை எப்படிப் பங்கிட்டுக்கொள்வார்கள், உரியவர் திரும்பி வந்தால் எவ்வளவு விரைவில் விலகுவார்கள்?

16ஆம் அலைவரிசையில் காத்திருப்பவர்கள்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே உள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் தமிழக வாசகர்களுக்கு அந்நியமான இடம் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடலோரக் கிராமங்களின் மீனவர்கள் பலர், சுறா, சூரை மீன்களைத் தேடி இங்கிருந்துதான் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். கரை மறைந்த சிறிது நேரத்திலேயே கைபேசி செயலிழக்கிறது. அதன்பின் படகுக்கும் படகுக்கும் இடையே உள்ள உறவு, மிகை அதிர்வெண் கொண்ட வயர்லெஸ் செட் ஒன்றின் வழியாகவே நடைபெறுகிறது.

அந்தக் கருவியில் 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் அழைப்புக்கும் ஆபத்துச் செய்திக்கும் உரியது. ஒரு படகு மற்றொன்றை அழைக்க விரும்பினால் முதலில் சற்று நேரம் செவிமடுக்க வேண்டும். பேச்சு எதுவும் இல்லையெனில் அழைக்கலாம். பதில் கிடைத்ததும் இரு தரப்பினரும் வேறோர் அலைவரிசைக்கு மாறிப் பேசி, 16ஐப் பிறருக்கு விட்டுவிட வேண்டும். ஆபத்து அழைப்பு வந்தால் மற்ற அனைவரும் மௌனமாக வேண்டும்.

கேள், பிறகு பேசு. பேச வேறிடம் செல். மூத்த உரிமை உள்ளவர் வந்தால் நிறுத்து. சூழலறியும் வானொலி வலையமைப்புகள் குறித்து எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் அடிப்படை இந்த மூன்று விதிகளே. மனிதர்கள் காதால் செய்வதை இயந்திரம் தானே செய்ய வேண்டும் என்பதே வேறுபாடு. அந்த வேறுபாடு, பார்ப்பதைவிடப் பெரியது.

பற்றாக்குறையா, பூட்டிய வீடா?

'காக்னிட்டிவ் ரேடியோ' என்ற சொல்லை ஜோசப் மிட்டோலா, ஜெரால்டு மக்வயர் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தனர். மறு ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள அரச தொழில்நுட்பக் கழகத்தில் மிட்டோலா தம் முனைவர் பட்ட ஆய்வாக இதனை விரித்தெழுதினார். தன்னைச் சுற்றியுள்ள வானொலிச் சூழலை உணர்ந்து, அதற்கேற்பத் தன் அலைவரிசையையும் ஆற்றலையும் தானே மாற்றிக்கொள்ளும் கருவி என்பது அதன் சுருக்கம்.

இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது 2002இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் பணிக்குழு அளித்த அறிக்கை. பல பகுதிகளில் அலைக்கற்றை இல்லை என்பதைவிட, இருப்பதை அணுக முடியவில்லை என்பதே பெரிய சிக்கல் என்று அது கூறியது. ஓர் ஊரில் வீடுகள் போதவில்லை என்று கூறப்படும்போது, பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பது தெரியவந்தால் எப்படியோ, அதுபோன்ற நிலை. ஆனால் பூட்டிய வீட்டின் உரிமையாளர் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றித் திரும்பி வரக்கூடியவர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்தியாவில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்தன என்பதற்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தொலைக்காட்சி அலைக்கற்றையை நாட்டின் வடக்கு நீங்கலான நான்கு மண்டலங்களில் மதிப்பிட்டது. அதில் அடங்கியவை 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்ட 15 அலைவரிசைகள். மதிப்பிட்ட பரப்பில் குறைந்தது 36.43 சதவீத இடங்களில் இந்தப் பதினைந்துமே காலியாக இருந்தன. சராசரியாக 100 மெகாஹெர்ட்ஸுக்கும் அதிகமான அலைக்கற்றை பயன்படாமல் கிடந்தது. அப்போதிருந்த ஒளிபரப்பு முழுவதையும் நான்கே அலைவரிசைகளில், அதாவது 32 மெகாஹெர்ட்ஸில், நடத்திவிட முடியும் என்றும் அந்த ஆய்வு கண்டது. தரைவழி ஒளிபரப்பில் தூர்தர்ஷனைத் தவிர வேறு எவரும் இல்லாததே இதற்குக் காரணம். மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களில் இந்தக் காலி இடத்தைப் பயன்படுத்தி இணைய இணைப்பு அளிக்கும் சோதனையையும் அதே கல்வி நிறுவனம் நடத்தியது.

பின்னர் தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பிகளும், முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50ஐத் தவிர, 2022 மார்ச் மாத இறுதிக்குள் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. வீடு மேலும் காலியானது. உடனே புதிய உரிமைக் கோரிக்கைகளும் எழுந்தன. இணைய வசதியின்றிக் கைபேசிக்கே நேரடியாக ஒளிபரப்பும் திட்டம் அவற்றுள் ஒன்று. காலியிடம் நீண்ட காலம் காலியாகவே இருப்பதில்லை.

கேட்காததால் இல்லை என்று ஆகாது

அலைவரிசை காலியா என்று அறிய எளிய வழி, கேட்டுப் பார்ப்பது. இங்கேதான் முதல் இடறல்.

மிகை அதிர்வெண் வானலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதை மறைக்கிறது. இரு அலைவாங்கிகளுக்கு இடையே எட்டக்கூடிய தொலைவைக் கணக்கிட ஒரு கைக்கணக்கு உண்டு: ஒவ்வோர் அலைவாங்கியின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்க மூலங்களைக் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை கிடைக்கும். கடல் மட்டத்தில் இருந்து 4 மீட்டர் உயரத்தில் அலைவாங்கி பொருத்திய இரு படகுகள் என்றால், இரண்டும் இரண்டும் நான்கு, அதை 4.12ஆல் பெருக்க, சுமார் 16 கிலோமீட்டர். கரையில் 49 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் படகை எட்டும் தொலைவு சுமார் 37 கிலோமீட்டராகிறது.

இப்போது ஒரே நேர்கோட்டில் மூன்று படகுகளை எண்ணிக்கொள்வோம். நடுவில் உள்ள படகில் இருந்து இருபுறமும் 15 கிலோமீட்டர் தொலைவில் ஒவ்வொரு படகு. ஓரங்களில் உள்ள இரண்டுக்கும் இடைவெளி 30 கிலோமீட்டர். அவை ஒன்றையொன்று கேட்க முடியாது. இருவரும் விதிப்படி செவிமடுக்கிறார்கள். அலைவரிசை அமைதியாக உள்ளது. இருவரும் ஒரே நேரத்தில் நடுப்படகை அழைக்கிறார்கள். நடுவில் இருப்பவருக்குக் கேட்பது இரைச்சல் மட்டுமே. விதியை மீறியவர் எவருமில்லை. ஆனாலும் செய்தி சேரவில்லை.

'மறைந்த முனையம்' என்று பொறியாளர்கள் குறிப்பிடும் இந்தச் சிக்கலை லியோனார்டு கிளைன்ராக்கும் ஃபுவாட் தொபாகியும் 1975இலேயே விளக்கிவிட்டனர். சூழலறியும் வானொலியில் இது கூடுதல் ஆபத்தாக மாறுகிறது. ஒரு கட்டடத்தின் பின்புறம் உள்ள கருவிக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு எட்டாமல் போகலாம். அலைவரிசை காலி என்று எண்ணி அது ஒலிபரப்பத் தொடங்கினால், அடுத்த தெருவில் மொட்டை மாடி ஆண்டெனா வழியாகப் படம் பார்த்துக்கொண்டிருப்பவரின் திரை கலங்கும். படம் பார்ப்பவர் எந்த அலையையும் வெளியிடுவதில்லை என்பதால், அவர் இருப்பதே கருவிக்குத் தெரியாது. கேட்பவரைக் கேட்க இயலாது என்பதே இந்தத் துறையின் தீராத தலைவலி.

இதற்காகவே உணர்திறன் வரம்புகள் கடுமையாக வகுக்கப்பட்டன. 2011இல் வெளியான ஐஇஇஇ 802.22 என்ற தரநிலை, சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டி படம் காட்டவே இயலாத அளவுக்கு மெலிந்த சமிக்ஞையையும் கருவி கண்டறிய வேண்டும் என்று கோருகிறது. கண்டறிந்த பின் இரண்டே வினாடிகளில் அந்த அலைவரிசையை விட்டு விலக வேண்டும்.

ஆனால் கூர்ந்து கேட்பதற்கு விலை உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கருவியால் பேச இயலாது. 100 மில்லிவினாடியில் 10ஐக் கேட்பதற்கு ஒதுக்கினால் 90 மிஞ்சும். 40ஐ ஒதுக்கினால் 60 மட்டுமே மிஞ்சும். கேட்கும் நேரம் குறைந்தால் உரிமையாளர் இருப்பதைத் தவறவிடலாம், அல்லது வெறும் இரைச்சலை உரிமையாளர் என்று எண்ணி வீணே ஒதுங்கலாம். முதல் பிழை பிறருக்குத் தீங்கு. இரண்டாவது தனக்கு இழப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்.

பல கருவிகள் தாம் கேட்டதை ஒன்றோடொன்று பகிர்ந்துகொண்டு முடிவெடுப்பது ஒரு தீர்வு. நடுப்படகு தன் இருபுறமும் யார் பேசுகிறார்கள் என்பதை அறிவித்தால், ஓரப் படகுகள் மோதாது. ஆனால் கூட்டு முடிவில் ஒருவர் பொய் சொல்லவும் வாய்ப்புண்டு. முதன்மை உரிமையாளரின் சமிக்ஞையைப் போலவே போலியாக ஒலிபரப்பி மற்றவர்களை விரட்டிவிட்டு, அலைவரிசையைத் தனக்கென வைத்துக்கொள்ளும் தாக்குதல் முறையை ஆய்வாளர்கள் ஏற்கெனவே விவரித்துள்ளனர். துறைமுகத்தில் போலிச் சங்கொலி எழுப்பிப் படகுகளை விலக்குவது போன்றது இது.

சந்திப்பதே சவால்

16ஆம் அலைவரிசைக்கு ஒரு பெருமை உண்டு: எங்கே அழைக்க வேண்டும் என்பது அனைவருக்கும் தெரியும். சூழலறியும் கருவிகளுக்கு அந்த வசதி இல்லை. பொதுவான அழைப்பு அலைவரிசை என்று ஒன்றை நிர்ணயித்தால், அதன் உரிமையாளர் வந்ததும் அனைவரும் விலக வேண்டும், வலையமைப்பே ஊமையாகிவிடும். ஆகவே இரு கருவிகள், முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமலேயே, ஏதோ ஒரு காலி அலைவரிசையில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துவிட்ட இருவரை எண்ணிப் பார்க்கலாம். இருவருமே தேடி அலைந்தால் ஒருவரையொருவர் தாண்டிச் சென்றுகொண்டே இருக்கக்கூடும். இருவருமே நின்ற இடத்தில் நின்றாலும் பயனில்லை. ஒருவர் நிற்க, மற்றவர் ஒவ்வோர் இடமாகச் சென்று பார்த்தால் சந்திப்பு உறுதி. ஆனால் யார் நிற்பது, யார் நடப்பது என்று முன்பே பேசிக்கொள்ளவில்லையே? சில காலம் நடப்பது, சில காலம் நிற்பது என்ற ஒரே நிரலை இருவரும் பின்பற்றினால், ஒருவர் நடக்கும் காலம் மற்றவர் நிற்கும் காலத்தோடு எப்போதாவது பொருந்தியே தீரும். 'தாவி நிற்றல்' என்று பொருள்படும் பெயரில் வகுக்கப்பட்ட வழிமுறை இதையே கணித உறுதியோடு செய்கிறது.

சந்தித்த பிறகும் கூட்டம் அதிகமானால் ஒழுங்கு வேண்டும். 1971இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு இயக்கிய அலோஹா வலையமைப்பில், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். அந்த முறையில் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதமே பயன்படும். காலத்தைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தினால் அது இரட்டித்து சுமார் 37 சதவீதமாகிறது. ஒரேயொரு சிறு ஒழுக்கத்துக்கு இவ்வளவு பலன்.

கப்பல்களிடம் ஏற்கெனவே உள்ள பாடம்

இவையெல்லாம் ஆய்வகச் சங்கதிகள் என்று எண்ணுவோர், கொச்சிக்கு வெளியே செல்லும் எந்தப் பெரிய கப்பலின் மாலுமி அறையையும் பார்க்கலாம். சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும், 300 டன்னும் அதற்கு மேலும் மொத்தக் கொள்ளளவு கொண்ட கப்பல்கள் அனைத்திலும் 'ஏஐஎஸ்' எனப்படும் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம். கப்பலின் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை அது இடைவிடாமல் அறிவிக்கிறது. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டே அலைவரிசைகள். எந்த மையக் கட்டுப்பாட்டு நிலையமும் இன்றி, நூற்றுக்கணக்கான கப்பல்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

எப்படி? ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வோர் அலைவரிசையிலும் 2,250 கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு சுமார் 26.67 மில்லிவினாடி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அனைவரின் கடிகாரமும் செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்திசைவு கொண்டவை. புதிதாக வரும் கப்பல் முதலில் ஒரு நிமிடம் முழுவதும் கேட்டு, எந்தெந்தக் கூறுகள் பிடிக்கப்பட்டுள்ளன என்று வரைபடம் தயாரிக்கிறது. பிறகு காலியான ஒன்றைத் தேர்ந்து அனுப்புகிறது. அனுப்பும் செய்தியிலேயே, அடுத்து எந்தக் கூறில் பேசப்போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறது. கேட்டவர்கள் அந்த இடத்தை அதற்காக விட்டுவைக்கிறார்கள்.

கூட்டம் மிகுந்து காலிக் கூறே இல்லாமல் போனால் என்ன செய்வது? இங்கே வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவு நுட்பமானது. கருவி தனக்கு மிகத் தொலைவில் உள்ள கப்பலின் கூறை எடுத்துக்கொள்கிறது. தொலைவில் உள்ள கப்பலின் செய்தி கேட்காமல் போகலாம். ஆனால் மோதக்கூடிய ஆபத்து அருகில் உள்ள கப்பலோடுதான். நெரிசல் கூடக்கூட, ஒவ்வொரு கப்பலைச் சுற்றியுள்ள கேள்வி வட்டம் தானே சுருங்குகிறது. எது இழக்கத்தக்கது என்பதை முன்பே தீர்மானித்திருப்பதால், அமைப்பு நிலைகுலைவதில்லை.

சிறிய கலங்களுக்கான இரண்டாம் வகைக் கருவியில் இன்னொரு படிநிலை உள்ளது. அவற்றின் பரவலான ஒரு வகை கூறுகளை முன்பதிவு செய்வதில்லை. ஒரு கூறு தொடங்கும் கணத்தில் கேட்டுப் பார்த்து, வேறு யாரும் பேசவில்லை என்றால் மட்டுமே 2 வாட் ஆற்றலில் அனுப்புகிறது. பெரிய கப்பலின் கருவிக்கோ 12.5 வாட். பெரியவருக்கு முன்பதிவு, சிறியவருக்கு மிச்சம் என்ற இந்த ஏற்பாட்டைச் சூழலறியும் வானொலியின் முதன்மை, இரண்டாம் நிலைப் பாகுபாட்டின் நடைமுறை வடிவம் என்றே கூறலாம்.

சிறியவர் மிச்சத்தைத்தான் பெற வேண்டுமா என்ற கேள்வி இக்கடலில் வெறும் தத்துவமாக எழுவதில்லை. 2017 ஜூன் 11ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் பனாமா கொடியேந்திய 'ஆம்பர் எல்' என்ற சரக்குக் கப்பல் மோதியதில் 'கார்மல் மாதா' என்ற மீன்பிடிப் படகு உடைந்தது. இருவர் உயிரிழந்தனர், ஒருவர் காணாமல் போனார். 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி முனம்பம் துறைமுகத்தில் இருந்து சென்ற 'ஓஷியானிக்' படகின் மீது கப்பல் மோதியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கன்னியாகுமரி மாவட்டத்தினர். இவற்றுக்கு அலைவரிசை நெரிசல் காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் அருகில் யார் இருக்கிறார் என்ற செய்தி உரிய நேரத்தில் சேர்வதன் மதிப்பு என்ன என்பதை இக்கடற்கரை அறியும்.

கடற்படையோடு பகிர்வது எப்படி?

கொச்சி, இந்தியக் கடற்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்த நகரம். இங்கே அலைக்கற்றைப் பகிர்வு என்று பேசத் தொடங்கினால், ரேடார்களைப் பற்றிய கேள்வி உடனே எழும். அதற்கு மிக நெருக்கமான வெளிநாட்டு அனுபவம் அமெரிக்காவில் உள்ளது.

3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அமெரிக்கக் கடற்படையின் ரேடார்கள் பயன்படுத்திவந்தன. கப்பல் கரையோரம் இல்லாத நாட்களில் அந்த இடம் வெறுமனே கிடந்தது. 2015இல் வகுக்கப்பட்ட விதிகள் அதில் மூன்று அடுக்குகளை ஏற்படுத்தின. முதல் அடுக்கில் கடற்படை உள்ளிட்ட பழைய உரிமையாளர்கள். இரண்டாவதில் ஏலத்தில் முன்னுரிமை வாங்கியவர்கள். மூன்றாவதில் உரிமம் ஏதுமின்றிப் பயன்படுத்தும் பொதுவானவர்கள். 2019இல் வணிகப் பயன்பாடு தொடங்கியது.

இங்கே கைபேசிக் கோபுரம் தானே கேட்டு முடிவெடுப்பதில்லை. கடற்கரை நெடுக நிறுவப்பட்ட உணரிகள் ரேடார் சமிக்ஞையைக் கேட்டதும் ஒரு மையக் கணினி அமைப்புக்குத் தெரிவிக்கின்றன. 300 வினாடிகளுக்குள் அப்பகுதிக் கோபுரங்கள் வேறு அலைவரிசைக்கு மாற்றப்பட வேண்டும் அல்லது நிறுத்தப்பட வேண்டும். மைய அமைப்பின் ஆணை வந்தபின் ஒவ்வொரு கருவிக்கும் 60 வினாடி அவகாசம்.

தொலைக்காட்சி அலைக்கற்றையிலும் அமெரிக்கா இதே திசையில்தான் சென்றது. 2008இல் கருவியே கேட்டறிய வேண்டும் என்று விதித்த ஆணையம், 2010இல் தரவுத்தளத்தைக் கேட்கும் கருவிகளுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இடத்தைச் சொன்னால், அங்கே எந்த அலைவரிசை காலி என்று தரவுத்தளம் பதிலளிக்கும். தானே சிந்திக்கும் வானொலி என்ற மிட்டோலாவின் கனவு, நடைமுறையில் அனுமதி கேட்டுப் பேசும் வானொலியாகச் சுருங்கிவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. மறைந்த முனையத்தின் கணக்கைப் பார்த்தபின், இதைத் தோல்வி என்று கூறுவது நியாயமாகப் படவில்லை. தொலைக்காட்சிக் கோபுரம் ஓரிடத்திலேயே நிற்பது. அதற்குப் பட்டியல் போதும். கடற்படைக் கப்பல் நகர்வது, தன் இருப்பிடத்தைப் பட்டியலில் எழுதித் தர இயலாதது. அதற்குக் காது வேண்டும். யார் முதன்மை உரிமையாளர் என்பதைப் பொறுத்தே கேட்பதா, பட்டியலைப் பார்ப்பதா என்பது அமையும்.

தரவுத்தளத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு: கருவி இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும். மாநகரில் அது எளிது. கரையில் இருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள படகில், எந்த இணைப்பைப் பெறுவதற்காக அலைவரிசை தேடுகிறோமோ, அந்த இணைப்பே தரவுத்தளத்தைக் கேட்கவும் தேவைப்படும்.

ஒக்கிக்குப் பின்

2017 நவம்பர் 30ஆம் தேதி கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி புயல் உருவானபோது, தூத்தூர் வட்டாரப் படகுகள் பல நாட்களாகவே ஆழ்கடலில் இருந்தன. மேலே கூறிய கைக்கணக்கின்படி, எச்சரிக்கைச் செய்தி அவற்றைக் கரையில் இருந்து நேரடியாக எட்டுவதற்கு வழியே இருக்கவில்லை.

அதன்பின் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் பெரும்பாலும் செயற்கைக்கோளை நோக்கியவை. 2019 அக்டோபரில் அறிமுகமான 'ஜெமினி' கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையைப் படகில் உள்ள கைபேசிக்குக் கொண்டுசேர்த்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. மீனவர் பதில் சொல்ல இயலாது. இருவழிச் செய்திக்கான டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம், சுமார் ரூ.360 கோடி செலவில், 2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பம் அதற்கு அடிப்படை.

தரைவழி முயற்சியும் கேரளத்திலேயே நடந்துள்ளது. கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியில் உள்ள அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'ஓஷன்நெட்' என்ற பெயரில் நெடுந்தொலைவு வைஃபை மூலம் கரையில் இருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் படகுகளை இணையத்தோடு இணைத்துக் காட்டினர். ஒரு படகு மற்றொரு படகுக்குச் செய்தியைக் கைமாற்றி, வலையமைப்பைக் கடலுக்குள் நீட்டிக்க முடியும் என்பது அதன் சிறப்பு. உரிமம் தேவைப்படாத அலைவரிசையை நம்பியிருப்பது அதன் எல்லை: அங்கே எவருக்கும் முன்னுரிமை இல்லை, ஆற்றலுக்கும் உச்சவரம்பு உண்டு. 470 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்கள் வைஃபையைவிட நெடுந்தொலைவு செல்லக்கூடியவை. கடற்கரையோரம் அவற்றை இரண்டாம் நிலை உரிமையில் பெறுவதற்கான சட்ட வழிதான் 7ஆவது பிரிவு.

அதே பிரிவு இன்னொன்றையும் கூறுகிறது. ஒதுக்கப்பட்ட அலைக்கற்றையைத் தக்க காரணமின்றி, குறித்த காலத்துக்குப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அரசு அதைத் திரும்பப் பெறலாம். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. பயன்படுத்தாதவரிடம் இருந்து திரும்பப் பெறும் அதிகாரம் அந்தத் தீர்ப்போடு ஒத்துச் செல்கிறது. 'தீங்கு' என்பதை எப்படி அளப்பது, உரிமையாளர் திரும்பினால் விலக எத்தனை வினாடி, விலகத் தவறினால் யார் பொறுப்பு என்பவற்றுக்கு விடையளிப்பது சட்ட வாசகத்தின் வேலை அன்று. அவை விதிகளிலும் தரநிலைகளிலும் எழுதப்பட வேண்டியவை. அமெரிக்காவின் 300 வினாடியும் 802.22 தரநிலையின் இரண்டு வினாடியும் அத்தகைய எழுத்துகளே.

அவ்வாறு எழுதப்படும்போது படகுகள் எங்கே நிற்கும் என்பதற்கு ஒரு சிறு முன்னோட்டம் உண்டு. 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உரிமமின்றி வைஃபைக்குத் திறப்பதற்கான வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. கட்டடங்களின் உள்ளே குறைந்த ஆற்றலிலும், வெளியே மிகக் குறைந்த ஆற்றலிலும் பயன்படுத்தலாம். செயற்கைக்கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் நிலையங்கள் அதே பகுதியைப் பயன்படுத்துவதால் இந்தக் கட்டுப்பாடு. எண்ணெய்த் துரப்பண மேடைகளில் முழுத் தடை. கார், ரயில், 10,000 அடிக்குக் கீழே பறக்கும் விமானம் ஆகியவற்றின் உட்புறத்தில் தடை. தடைப் பட்டியலில் படகுகளும் இடம்பெற்றுள்ளன. அந்த வரைவின்படி, தோப்பும்படித் துறைமுகத்தின் அலுவலகக் கட்டடத்துக்குள் புதிய வைஃபை இயங்கலாம்; அதன் எதிரே கட்டப்பட்டிருக்கும் விசைப்படகின் அறைக்குள் இயங்கக் கூடாது.